பூம்புகார் முதல் கோடியக்கரை வரை: டெல்டா கடற்கரையை மூன்று நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

சீர்காழியில் புறப்பட்டுக் கடலோரமாகவே தெற்கே போனால் கோடியக்கரை 150 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வரைபடத்தைப் பார்ப்பவர்கள் “ஒரே நாளில் முடித்துவிடலாம்” என்று கிளம்புவது இதனால்தான். பகல் பன்னிரண்டரைக்குப் பூட்டிய கோயில் வாசலில் நின்று, இரண்டு மணி வெயிலில் கடற்கரை மணலில் கால் சுட்டு, பறவைகள் போன பிறகு கோடியக்கரையில் இறங்கி, பாதியைப் பார்க்காமலே திரும்புவார்கள். இந்தக் கரையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கோயில் நடை சாத்தும் நேரம், வெயில் சாயும் பக்கம், பருவம் ஆகிய மூன்றையும் பார்த்துத் திட்டம் போட்டால் மூன்று நாளில் நிறைவாகப் பார்க்கலாம். நாலாவது நாள் கையில் இருந்தால் முத்துப்பேட்டையும் மனோராவும் சேரும்.

எந்த மாதம்

தை, மாசிதான் சிறந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசைப் பறவைகளும் இருக்கும். ஆனால் சம்பா அறுவடையும் அப்போதுதான். கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லும் வைக்கோலும் காயும், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டு மாதமும் பொழுது சாய்ந்த பிறகு பைக்கில் உள்சாலைகளில் போக வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. டெல்டாவின் கடைமடை என்பதால் மேற்கே பெய்த மழைநீரும் இந்தப் பக்கம்தான் வடிந்தாக வேண்டும். புயல் சின்னம் உருவானால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில்தான்.

காவிரி கடலில் கலப்பதைத் தண்ணீரோடு பார்க்க ஆசைப்படுபவர்கள் கோடையில் வந்தால் ஏமாந்துபோவார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர நாளாகும். ஆடிப்பெருக்கை ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தால்தான் பூம்புகாரில் ஆறு ஆறாகத் தெரியும்.

மீன் சாப்பாட்டுக்காகவும் வருபவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடி தடைக்காலத்தைக் கவனியுங்கள். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

முதல் நாள்: திருவெண்காடு, பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி

சீர்காழி அல்லது மயிலாடுதுறையில் முந்தின இரவே தங்கிவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் திருவெண்காடு சுவேதாரண்யேஸ்வரர் கோயில். புதன் தலம் என்று வருபவர்கள் புதன் சந்நிதியோடு திரும்பிவிடுகிறார்கள். அகோரமூர்த்தியை விட்டுவிட வேண்டாம், சிவனின் இந்த உக்கிர வடிவம்தான் இந்தத் தலத்தின் தனிச்சிறப்பு. சூரியன், சந்திரன், அக்கினி என மூன்று தீர்த்தங்களையும் சுற்றி வர முக்கால் மணி நேரம் போதும். இந்த ஊரின் மிகப் பெரிய கலைச் செல்வம் இப்போது இந்த ஊரில் இல்லை. அதைப் பயணத்தின் கடைசியில் பார்க்கலாம்.

எட்டரைக்குள் பூம்புகார். இங்கே எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு வருவது முக்கியம். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் இடிபாடாகவாவது கிடக்கும் என்று வருபவர்களுக்குக் கண்ணில் படுவது மீனவர் குப்பமும் மணலும் கடலும்தான். கடலோரத்தில் உள்ள எழுநிலை மாடமான சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-ல் கட்டியது. கண்ணகி, கோவலன் கதையைச் சுவர்ச் சிற்பங்களாக வரிசைப்படி செதுக்கியிருக்கிறார்கள். கதை தெரியாத பிள்ளைகளை அழைத்துப் போனால் சிற்பத்துக்குச் சிற்பம் நின்று சொல்லிக்கொண்டே போங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது. பராமரிப்பு வேலைக்காகக் கூடம் மூடியிருக்கும் காலங்களும் உண்டு, சீர்காழியிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய நகரத்தின் உண்மையான தடயம் கடற்கரையில் இல்லை, சற்று உள்ளே இருக்கிறது. கீழையூரில் அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. அதிலிருந்த மரக்கட்டையின் காலம் கி.மு. 3-ம் நூற்றாண்டு அளவுக்குப் போகிறது. பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளமும் புத்த பாதம் ஒன்றும் கிடைத்தன. இடுப்புயரம்கூட இல்லாத செங்கல் வரிசைகள்தான். ஆனாலும் கலைக்கூடம் இக்காலக் கற்பனை, இந்தச் செங்கல்தான் அந்தக் காலத்தது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் செங்கல்லைப் பாருங்கள்.

காவிரி கடலில் சேருமிடத்தில் குளிக்க இறங்குபவர்கள் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். ஆறு தள்ளும் தண்ணீரும் அலை தள்ளும் தண்ணீரும் மோதும் இடத்தில் அடிமணல் நிலையாக இருக்காது, நேற்று திடலாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் பெருங்கூட்டம் வரும். தர்ப்பணத்துக்கு வராதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

பத்தரைக்குக் கிளம்பினால் திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலில் உச்சிகால பூசைக்கு முன் நுழைந்துவிடலாம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஒரே நேரத்தில் பத்திருபது நடக்கும் கோயில். முகூர்த்த நாளில் பிராகாரத்தில் ஓமப் புகையும் உறவினர் கூட்டமும்தான் தெரியும், சிற்பம் பார்க்க முடியாது. அபிராமி சந்நிதியில் மட்டும் நிதானமாக நின்றுவிட்டு வெளியே வாருங்கள். பஸ்ஸில் வருபவர்கள் பூம்புகாரிலிருந்து நேராகத் தெற்கே போகும் வண்டிக்காகக் காத்திருக்காமல் சீர்காழி–காரைக்கால் நெடுஞ்சாலைக்கு வந்து மாறிக்கொண்டால் நேரம் மிச்சம்.

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டரை மணிக்குத் தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊருக்கு ஓடிய ரயில் 1986-ல் நின்றுபோனது. இப்போது சாலை வழி மட்டும்தான். வாரத்தின் எந்த நாளிலும் வரலாம், வெள்ளிக்கிழமையில் வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

ஊரை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து பார்க்க வேண்டும். வண்டியை நேராகக் கோட்டை வாசலில் நிறுத்துபவர்களுக்கு இது வெறும் கோட்டை. நகர வாயிலிலிருந்து நடந்து வருபவர்களுக்கு ஒரு முழு டேனிஷ் நகரம். 1792-ல் கட்டிய வெள்ளை வாயிலைக் கடந்தால் ராஜ வீதி நேராகக் கடலுக்கு ஓடும். வழியில் 1701-ல் எழுந்த சீயோன் ஆலயமும் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் வரும். இரண்டாவது ஆலயத்தைச் சிலுவை வடிவில் கட்டியவர் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு. 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கி, தமிழ் கற்று, இங்கேயே அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். 1719-ல் இறந்தவரின் கல்லறை இந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அச்சுக்குக் காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிற்கிறது.

வீதி முடியும் திடலில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின்பேரில் ஓவே கியெடே என்ற டேனிஷ் தளபதி கட்டத் தொடங்கியது. பொன்தகட்டில் எழுதிய ரகுநாத நாயக்கரின் கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கீழ்த்தளம் கிடங்கும் சிறையும் சமையல்கூடமும், மேல்தளம் ஆளுநரும் அதிகாரிகளும் இருந்த இடம். மேல்தள அறைகளின் கூரை ஒட்டக முதுகுபோல் வளைந்திருப்பதைக் கவனியுங்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

நாலரைக்கு மேல் கடற்கரைக்குப் போங்கள். இந்தக் கரை முழுவதும் கிழக்கு பார்த்தது. அதனால் மாலையில் கோட்டையின் நிழல் கடல் பக்கம் சாய்ந்து மணல் ஆறிவிடும். அதே காரணத்தால் மாலையில் கடலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும், கோட்டையின் கடல் பக்கச் சுவரைப் படமெடுக்கக் காலை வெயில்தான் சரி. வடக்கே சில நிமிட நடையில் மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று சொல்வது இங்கேயுள்ள கல்வெட்டுதான். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் போட்ட கருங்கல் தடுப்பில் ஏறிப் படமெடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பாசி பிடித்த கல், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். மணலில் நின்றே எடுங்கள்.

நேரம் மிஞ்சினால் பக்கத்து அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் பத்துக் கையும் முக்கண்ணும் கொண்ட ஆஞ்சநேயர். இந்தக் கோயிலிலிருந்து 1978-ல் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் லண்டனிலிருந்து 2020-ல் திரும்பின.

இரவு காரைக்காலில் தங்கலாம், விடுதிகள் அதிகம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே வாங்கிய மதுவோடு எல்லை தாண்டினால் சோதனைச்சாவடியில் வழக்கு.

இரண்டாம் நாள்: காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி

காலை ஆறரைக்குக் காரைக்கால் அம்மையார் கோயில். அறுபத்து மூவரில் உட்கார்ந்த கோலம் அம்மையாருக்கு மட்டுமே. ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் வந்தால் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவதைப் பார்க்கலாம், அன்று வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியாக வேண்டும். திருநள்ளாறு இங்கிருந்து 5 கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை போனால் அந்த நாளே அதற்குத்தான். நளன் குளத்தில் பழைய துணியைக் களைந்துவிட்டு வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளம் நாறுவது அதனால்தான்.

எட்டு மணிக்கு நாகூர் தர்கா. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய இடம். ஐந்து மினாராக்களில் உயரமான பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். எல்லா மதத்தாரும் வரலாம். ஆண்கள் தலையில் கைக்குட்டையாவது கட்ட வேண்டும், பெண்கள் முக்காடு போடுவது மரியாதை. காணிக்கையை அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்குங்கள், வாசலில் கூப்பிடுபவர்களிடம் தர வேண்டியதில்லை. வியாழன் மாலை கூட்டம் மிகுதி. இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் கந்தூரி விழா, பத்தாம் இரவு சந்தனம் பூசுவது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலம் வரும் அந்த இரவில் இரண்டு ஊருக்கும் இடையே வண்டி நகராது. திரும்பும்போது இறால் வைத்துச் சுடும் நாகூர் வாடாவைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், ஆறினால் எண்ணெய்தான் தெரியும்.

பத்து மணிக்கு நாகப்பட்டினம். பன்னிரண்டுக்குள் காயாரோகணேஸ்வரர்–நீலாயதாட்சி கோயிலையும், திவ்யதேசமான சௌந்தரராஜப் பெருமாள் கோயிலையும் முடிக்க வேண்டும். நீலாயதாட்சி கோயிலில் அதிபத்த நாயனாரை விசாரித்துப் பாருங்கள். வலையில் விழுந்த பொன்மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட மீனவர். ஆவணியில் அந்த நிகழ்ச்சியைக் கடலில் நடத்திக் காட்டுகிறார்கள்.

இந்த ஊரில் பார்க்க முடியாத ஒன்றுதான் இந்த ஊரின் பெரிய வரலாறு. கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் மாறவிஜயோத்துங்கவர்மர், ராஜராஜ சோழனின் ஆதரவோடு இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே வருவாய்க்காகக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்வதுதான் ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்ற பெயரும் வந்தது. கடைசியாக நின்ற கோபுரத்தை 1867-ல் இடித்தார்கள். அந்தப் பகுதியில் மண்ணுக்குள் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத்திருமேனிகளில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். நாகையில் தேடினால் கட்டடம் எதுவும் கிடைக்காது. வழிகாட்டுகிறேன் என்று யாராவது அழைத்துப் போனால் பணம் வீண்.

கோயில்கள் பூட்டியிருக்கும் பன்னிரண்டு முதல் நாலு வரையிலான நேரத்தைக் கீழ்வெண்மணிக்குக் கொடுங்கள். கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த இடம். நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல்களில் இந்தப் பெயர் வருவதில்லை. டெல்டாவின் நெல்லையும் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள், அந்த நெல்லை விளைவித்தவர்களின் இந்த மண்ணையும் பார்க்க வேண்டும். படமெடுக்கும் இடமாக நினைக்காமல் அமைதியாகப் போய் வாருங்கள்.

நாலரைக்குச் சிக்கல் சிங்காரவேலர் கோயில் திறந்திருக்கும். அதன் பிறகு வேளாங்கண்ணி, நாகையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 1962-ல் பசிலிக்கா தகுதி பெற்ற பேராலயம், மாதா குளம், காணிக்கைப் பொருள்களின் காட்சியகம் ஆகிய மூன்றுக்கும் இரண்டு மணி நேரம். நேர்த்திக்கடனாக மணல்பாதையில் முழந்தாளிட்டு வருபவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை முன்பதிவு இல்லாமல் அறை கிடைக்காது. இங்கே கடல் அமைதியாகத் தெரிந்தாலும் ஆளை இழுக்கும். குளித்தவர்கள் அலையில் போன ஊர் இது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் இறங்கவே வேண்டாம்.

நாகை மாவட்டத்தில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி எங்கும் அந்த இழப்பு இன்னும் வீட்டுக்கு வீடு உண்டு. மீனவர் குப்பங்களில் பேச்சுக் கொடுக்கும்போது நீங்களாக அதைக் கிளற வேண்டாம்.

மூன்றாம் நாள்: கோடியக்கரை, அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம்

இந்த நாளின் வெற்றி தோல்வி எழுந்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. வேளாங்கண்ணியிலிருந்து நாலே முக்காலுக்குக் கிளம்பித் திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாகப் போனால் விடியும்போது கோடியக்கரை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் வெளிமான்கள் புதருக்குள் ஒதுங்கிவிடும், சதுப்பின் மேல் கானல் எழும்பித் தொலைநோக்கியில் பறவை ஆடும். வேதாரண்யத்திலேயே இரவு தங்கினால் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். அறை வசதி குறைவு, அவ்வளவுதான்.

1967-ல் அறிவித்த சரணாலயம் இது. 2002-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சில்லறை கையில் வைத்திருங்கள். முறுக்குக் கொம்பு வெளிமான், புள்ளிமான், ஊர்விட்டுக் காட்டில் பெருகிய குதிரைகள் ஆகியவை ஆண்டு முழுவதும் இருக்கும். பூநாரையும் உள்ளான்களும் அக்டோபர் முதல் மார்ச் வரை. 8 அல்லது 10 மடங்கு தொலைநோக்கி இல்லாமல் பூநாரைக் கூட்டம் வெறும் இளஞ்சிவப்புக் கோடுதான். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். சதுப்பில் மேலே காய்ந்து வெடித்த மண்ணை நம்பிக் கால் வைத்தால் முழங்கால்வரை போகும்.

சுற்றிலும் தட்டையான நிலத்தில் சற்றே உயர்ந்த மேடு ராமர் பாதம். அங்கிருந்து காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினால் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930 ஏப்ரல் 13-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய தொண்டர்கள் 28-ம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி இங்கேதான் உப்பள்ளிக் கைதானார்கள். உள்ளூரில் அவர்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. நினைவுத் தூணருகே பத்து நிமிடம் போதும். கோடையில் வந்தால் உப்பு வாரும் வேலையையும் பார்க்கலாம், பாத்திக் கரையில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் மிதித்தால் அந்த உப்பு சேறாகிவிடும்.

பதினொன்றரைக்குள் வேதாரண்யம் கோயில். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவு இந்தத் திருமறைக்காட்டினுடையதுதான். “வேதாரண்யம் விளக்கழகு” என்பது டெல்டாவின் சொலவடை. விளக்கழகைக் காண மாலை பூசை வரை காத்திருக்க மனம் உள்ளவர்கள் அன்றிரவு இங்கேயே தங்கலாம். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை 2023-ல் மீண்டும் திறந்தது. வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பஸ்.

நாலாவது நாள் இருந்தால்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதியும் படகும் வேண்டும், இரண்டையும் முந்தின நாளே பேசிவையுங்கள். காலை எட்டுக்குள் படகேறினால் காற்று எழும்புவதற்குள் திரும்பிவிடலாம். குடிநீர் எடுத்துப் போங்கள், உள்ளே எதுவும் கிடைக்காது. பிற்பகல் மல்லிப்பட்டினம் பக்கம் சரபேந்திரராஜன்பட்டினத்து மனோரா. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்கு முந்தைய ஆண்டு, 1814-ல், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம்.

அங்கிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போய் ரயிலேறுங்கள். ஏறுவதற்கு முன் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தேடிப் பாருங்கள். 1011-ல் வார்த்த திருமேனி, பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றி, காலை மடக்கி, இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். பக்கவாட்டில் நின்று பாருங்கள், அந்தச் சாய்வு அப்போதுதான் தெரியும்.